குறும்பிக்கு ஒரு பாட்டு

எங்கள் வீட்டாருக்கு ஊரில் 'சொந்தக் கடா' என்று பெயர். என் தாத்தா ஒரு சந்தை நாளில் காலையில் தன் கடாவை விற்றுவிட்டு, மதியம் கொஞ்சம் சரக்கு உள்ளே இறங்கிய பிறகு அதே கடாவை எதிரே பார்த்து, 'அடடா, இப்படி ஒரு கடா நம்மிடம் இல்லையே' என்று ஆசைப்பட்டு, விற்றதைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கி வந்தார். இது நடந்தபோது என் அப்பாகூடப் பிறக்கவில்லை. ஆனாலும் நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றைக்கு டீச்சர் என் தலையைத் தடவிக்கொண்டே, "ஓ, சொந்தக் கடா வீட்டுப் பையனா நீ?" என்றுதான் கேட்டார்.

காரணம் பாட்டு. வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் எங்கள் பரோயே தீவுகளில் ஒருத்தன் அசடு வழிந்தான் என்று தெரிந்தால் அவனைப் பற்றிக் கேலிப்பாட்டு கட்டி ஆட்ட வளையத்தில் பாடுவோம். பாட்டுக்கு ஆளானவன் நழுவிவிடாதபடி இரண்டு தடியன்கள் அவன் கைகளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வார்கள். கடைசி அடி வரைக்கும் அவனும் சேர்ந்து ஆடியாக வேண்டும். பாட்டு சப்பென்று இருந்தால் பிழைத்தான். நன்றாக அமைந்துவிட்டால் பேரன் காலத்திலும் அவனுக்கு விமோசனம் இல்லை. அந்தப் பேரன் நான். பெயர் ரோகுர். எங்கள் வீட்டின் மேல் இரண்டாவது பாட்டு விழக்கூடாது என்பதுதான் நான் வாழ்க்கையில் வைத்திருந்த ஒரே லட்சியம்.

அதனால்தானோ என்னவோ, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து செய்யும் தொழிலைப் பிடித்தேன். மற்றவர்கள் பாடுவதைப் பதிவு செய்து, குரலையும் கருவியையும் அளவாகக் கலந்து தருகிற மிக்சிங் வேலை. பாடுகிறவன் சொதப்பினால் அவன் பெயர் கெடும், கலக்குகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூலதனம் இரண்டு காது. என் காதைப் பற்றி எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. விருந்துக்குப் போன வீட்டில் குளிர்பெட்டியின் உறுமலைக் கேட்டு, "உங்க பெட்டி ரெண்டு மாசத்துல போயிரும்" என்று குறி சொல்லிவிட்டு வருவேன்.

இந்த வருஷம் எங்கள் ஊர் ஆட்டச் சங்கம் ஓர் இசைத்தட்டு போடத் தீர்மானித்தது. ஜூலை கடைசியில் வரும் ஓலாவ் திருவிழாவுக்குள் வெளிவர வேண்டும். எங்கள் ஆட்டத்துக்கு வாத்தியம் கிடையாது. கைகோத்து வளையமாக நின்று, இடப்பக்கம் இரண்டடி வலப்பக்கம் ஓரடி என்று மிதித்துக்கொண்டே கதைப்பாட்டைப் பாடுவோம். பலகைத் தரைதான் மத்தளம். வளையம் மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் ஆட்டக் கூடத்தின் ஒவ்வொரு மூலைக்கும் ஒவ்வொருத்தரும் வந்து போவார்கள். நான் வளையத்தின் நடுவில் இரண்டு மைக் வைத்தேன். ஒன்று கதவைப் பார்த்து, ஒன்று சமையலறையைப் பார்த்து. கால் சத்தத்துக்குத் தரையோடு தரையாகத் தனியாக ஒன்று. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் கதவுப் பக்கம் இடது ஸ்பீக்கரில் வரும், சமையலறைப் பக்கம் வலது ஸ்பீக்கரில் வரும்.

கேட்டேன். நர்ஸ் மார்யுன் வளையத்தில் பாடுகிறாள், என்னோடு படித்தவள். சமையலறைப் பக்கம் இருக்கும்வரை அவள் குரல் கணீரென்று இருந்தது. கதவுக்கு வந்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. சரி, அவளுக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். அடுத்து பாட்டை எடுத்துக்கொடுக்கும் ஸ்வெயின் வந்தார். அவரும் கதவருகே மங்கினார். மீன் பண்ணைக்காரன் மங்கினான், பாதிரியார் மனைவி மங்கினாள், தலைமையாசிரியர் மங்கினார். அவர் மங்கியதில் மட்டும் எனக்கு வருத்தமில்லை. புத்தியுள்ளவன் இந்த இடத்தில் நிறுத்தி, எல்லோரும் ஒரே இடத்தில் மங்குகிறார்கள் என்றால் பொதுவாக இருப்பது எது என்று யோசித்திருப்பான். நானும் யோசித்தேன். கதவு என்று கண்டுபிடித்தேன்.

ஸ்வெயினைப் படகுத்துறையில் பிடித்தேன். சொந்தப் படகு வைத்திருப்பவர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். ஊரில் கேலிப்பாட்டு கட்டுவதும் அவர்தான்.

"அண்ணே, உங்க ஆளுங்க கதவுகிட்ட வந்தா சோர்ந்துபோறாங்க."

"யாரு சோர்ந்துபோறது?"

"எல்லாரும்."

"எல்லாரும் ஒரே இடத்துல வந்து சோர்ந்துபோறதுக்கு அங்க என்னடா, மெத்தையா விரிச்சு வெச்சிருக்கு?"

"கதவு பழசுண்ணே. சத்தத்தை உறிஞ்சுது."

அவர் கயிற்றைக் கீழே போட்டார். "எங்கப்பா செஞ்ச கதவுடா அது. இத்தனை வருசமா புயலை உள்ள விடல. இப்ப பாட்டை வெளிய விடுதுங்கிறியா?"

இருந்தாலும் நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊர் நம்பியது. அதுதான் கொடுமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பளிகளும் போர்வைகளும் கொண்டுவந்து கதவைக் குழந்தை மாதிரிச் சுற்றினார்கள். வெளிக்காற்று வராத கூடத்தில், ஸ்வெட்டரோடு, எல்லாப் பாட்டையும் மறுபடி பாடினார்கள். பாதிரியார் மனைவிக்கு மயக்கமே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து போட்டேன். கதவருகே அதே மங்கல்.

ஆள் சரியில்லை, கதவு சரியில்லை, என் சாமர்த்தியத்தால் சரிக்கட்டுவோம் என்று முடிவு செய்தேன். ஃபேடர் என்கிற ஒலியளவுக் கட்டையைத் தள்ளி இடப்பக்க ஒலியை ஏற்றினேன். போதவில்லை. அந்தப் பக்கத்துக் கூர்மையான ஒலிகளையும் ஏற்றினேன். வளையம் எங்கே சுற்றினாலும் ஒரே சீராக என் காதுக்குக் கேட்கிறவரை ஏற்றிவிட்டு, பெருமையோடு ஸ்வெயினுக்கு அனுப்பினேன்.

மறுநாள் அவரே வந்தார். காபியை வாங்கி, ருபார்ப் ஜாம் தடவிய ரொட்டியைத் தின்றுமுடித்து, "வித்தியாசமா இருக்கு" என்றார்.

எங்கள் ஊரில் இதற்கு மேல் திட்ட வேண்டுமானால் கையைத்தான் ஓங்க வேண்டும்.

"எது வித்தியாசம்?"

"வண்டியில போட்டுக் கேட்டேன். இடப்பக்கம், ஓட்டுற என் பக்கத்துக் கதவுல யாரோ தொத்திக்கிட்டு கடல்காக்கா மாதிரி கத்துறாங்க. ஒருத்தர் போனா அடுத்தவங்க வந்து கத்துறாங்க. தலைமையாசிரியர் வந்தப்போ வண்டி ரோட்டை விட்டே இறங்கிருச்சு."

"உங்க வண்டி பழசுண்ணே."

"கதவு பழசு, வண்டி பழசு. உன் காது மட்டும் நேத்து வாங்கினதா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தேர்ச்சி இல்லாத காதுக்கு எதுவும் கத்தலாகத்தான் கேட்கும் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபன்ஹேகனில் ஒருவன் நன்றாகக் கலக்குகிறானாம், இன்னொரு தரம் முயற்சி செய், இல்லாவிட்டால் அவனிடம் கொடுக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு இருக்கிறது என்று மட்டும் சொல்லி எழுந்தார். வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பாட்டுக்குப் பொருள் தேடுகிற பார்வை.

அவர் போனதும் இரண்டு ஸ்பீக்கரையும் தூக்கி இடம் மாற்றினேன். இது என் தொழிலின் பாலபாடம். பழுது ஸ்பீக்கரில் இருந்தால் அதோடு சேர்ந்து இடம் மாறும். இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம், மங்கல் இடப்பக்கமே நின்றது. அப்படியானால் ஸ்பீக்கர் இல்லை. வலது இடது ஒயரை மாற்றிப் போட்டேன். இப்போது சமையலறைப் பக்கம் இடப்பக்கம் வந்தது. வந்ததும் அதுவும் மங்கியது. ஆகவே ஸ்வெயினின் அப்பா செய்த கதவு நிரபராதி. போர்வையில் வெந்த ஊரை நினைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் குற்றவாளி யார்? அறைதான்! அறையின் இடப்பக்கச் சுவர்!

எதிரொலியை அடக்கச் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சுப் பலகைகளைப் பிய்த்தேன். புத்தக அலமாரியை நடைவழிக்குத் தள்ளினேன். ஜன்னல் திரையைக் கழற்றினேன். என் மனைவி சுன்வா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பனிமூட்டத்தில் மலைப்பாதையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அசராமல் ஓட்டுகிறவள், வீட்டுக்குள் வந்து அலமாரியில் முட்டிக்கொண்டாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மீன் உருண்டை ஆறுது. வர்றியா இல்லியா?"

பாட்டை நிறுத்தாமலே நாற்காலியைச் சுழற்றி அவள் பக்கம் திரும்பினேன். திரும்பியதும் மங்கல் அறையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. இவ்வளவு நேரம் தெளிவாக ஒலித்த ஸ்பீக்கர் இப்போது போர்வைக்குள் முனகியது. மறுபடி முன்பக்கம் திரும்பினேன். மங்கல் பழைய இடத்துக்கு வந்தது. பின்பக்கம் திரும்பினேன். இங்கே. முன்பக்கம். அங்கே.

"என்ன பண்றே?" என்றாள் சுன்வா.

"சுவரைச் சோதிக்கிறேன்."

"சுவர் அங்கேயேதானே நிக்குது. நீதானே சுத்துறே."

நான் நாற்காலியைச் சுழற்றுவதை நிறுத்தினேன். ஆளை மாற்றினேன், கதவை மாற்றினேன், ஸ்பீக்கரை மாற்றினேன், சுவரை உரித்தேன். எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கத் தோன்றியவனுக்கு, தலையைத் திருப்பிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

சுன்வா கைபேசி விளக்கைப் பிடித்து என் இடது காதுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ" என்றாள். அப்புறம், "ரோகுர், உள்ள வழியே இல்ல. குறும்பி கட்டிப்போய்க் கிடக்கு. நாளைக்கே மார்யுன்கிட்ட போ."

"பைத்தியமா உனக்கு? அவ வளையத்துல இருக்கா!"

"அவ நர்ஸ்பா. நோயாளி விஷயத்தை வெளிய சொல்லமாட்டா."

"சொல்லவே வேணாம். ஆட்டத்துல என்னைப் பாத்து ஒரு தடவை சிரிச்சாப் போதும். ஸ்வெயின் அண்ணன் மோப்பம் புடிச்சுருவாரு. ஊர்க்கதவைக் குத்தம் சொன்னவன் காதுல அழுக்குன்னு தெரிஞ்சா, என் பேரப்பசங்க கதி என்ன?"

"நமக்கு இன்னும் பிள்ளையே இல்ல" என்றாள் அவள். ஆனாலும் வற்புறுத்தவில்லை. ஆலிவ் எண்ணெயைக் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக்கி, என்னைப் பக்கவாட்டில் படுக்கவைத்து இரண்டு சொட்டு விட்டாள். தினமும் இப்படி விட்டால் குறும்பி இளகும், தானாக வந்தாலும் வரும், வேறு எதையும் உள்ளே விடாதே என்று சொன்னாள். எண்ணெயை ஒழுங்காக விட்டுக்கொண்டேன். வேறு எதையும் உள்ளே விடாதே என்ற பகுதியைத்தான் விட்டுவிட்டேன்.

முதலில் இணையத்தில் காது மெழுகுவத்தி ஒன்று வரவழைத்தேன். குழல் மாதிரி இருக்கும், ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் கொளுத்தினால் அழுக்கை எல்லாம் மேலே இழுத்துவிடுமாம். கொளுத்தினேன். அழுக்கு வரவில்லை. உருகிய மெழுகு காது மடலில் சொட்டியது, கிருதா பொசுங்கியது. சுன்வா கீழேயிருந்து, "என்ன, ஆட்டுத்தலை வாட்டுறியா?" என்று குரல் கொடுத்தாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், பொய்யாக இருந்திருக்காது.

அடுத்தது பஞ்சுக் குச்சி. அது கூடாது என்று பஞ்சுக் குச்சிப் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது. எனக்குத்தான் பக்குவமான கையாயிற்றே! எண்ணெயில் இளகியிருந்த குறும்பியை வெளியே எடுப்பதாக நினைத்து, நிதானமாக, பொறுமையாக, நெட்டிக் கொண்டுபோய் அடியில் அடைத்தேன்.

இடப்பக்கம் உலகமே அணைந்துவிட்டது. மங்கலாகவாவது கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் போயிற்று. என் குரல் மட்டும் மண்டைக்குள் பெரிதாக முழங்கியது. பயந்துபோனேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. என் அப்பா கப்பலின் இயந்திர அறையில் வேலை செய்து காதைத் தொலைத்தவர். விருந்துகளில் எல்லோரும் சிரிக்கும்போது ஒரு கணம் பிந்திச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு என் முகத்தில் எப்படி இருக்கும் என்று கண்ணாடியில் பார்த்தேன். செவிப்பறையைக் குத்திவிட்டேனோ என்று குச்சியில் ரத்தம் தேடினேன்.

சாப்பாட்டு மேஜையில் சுன்வாவிடம் சொன்னேன். அடுத்த தீவின் மருத்துவ நிலையத்துக்குப் போகிறேன், அங்கே என்னை யாருக்கும் தெரியாது, வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன் என்றேன். மேஜையில் அவள் உட்காருவது என் இடப்பக்கம். ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது. "ம்" என்றேன். மறுபடியும் சொன்னாள். "ம், ம்" என்று தலையை ஆட்டினேன். தோளைக் குலுக்கிவிட்டு உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த தீவுக்குக் கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை. கீழே இறங்க இறங்க, காதுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்குவதுபோல இருந்தது. மேலே ஏறி, வண்டியை நிறுத்தி, தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். பெயரைக் கூப்பிட்டார்கள். சிகிச்சை அறையில் முதுகைக் காட்டிக் கை கழுவிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பினாள்.

மார்யுன்!

"டேய், நீயா! நான் வியாழக்கிழமையில இங்கதான்னு சுன்வா சொல்லலியா?"

சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவை. உருளைக்கிழங்குக்கு முன்னால்.

ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "மார்யுன், உன் கால்ல விழறேன், யாருக்கும் சொல்லாதே" என்று ஆரம்பித்தேன். அவள் விரலை உதட்டில் வைத்து, என் இடப்பக்கம் தொங்கிய திரையைக் கண்ணால் காட்டினாள். இடது காதா என்று கேட்கிறாள்போல என்று நினைத்து, "ஆமா, இதேதான்" என்று தொட்டுக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இரக்கப்படுகிறாள் என்று நினைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கதவைக் குற்றம் சொன்னது, போர்வை, சுவரை உரித்தது, நாற்காலியில் சுற்றியது, கிருதா பொசுங்கியது, ஒன்றையும் விடவில்லை. "ஸ்வெயினுக்கு மட்டும் தெரியவே கூடாது. அந்தாளு ரெண்டு வார்த்தை கெடச்சா இருபது அடி பாடுவாரு" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மார்யுன் முகத்தை ஒரு மாதிரி இறுக்கிக்கொண்டு என் வலப்பக்கம் வந்தாள். "முன்னாடி எப்பவாவது காதுல சீழ் வந்திருக்கா? ஆபரேசன், பறையில ஓட்டை, அந்த மாதிரி?"

"இல்ல."

"இப்ப வலி, ரத்தம்?"

"இல்ல. பயம்தான்."

விளக்குக் கருவியால் உள்ளே பார்த்தாள். "காயம் இல்ல, பொழைச்சே. எண்ணெய் விட்டியா?"

"ஒரு வாரமா."

"நீ செஞ்சதுலேயே உருப்படியான வேலை அது ஒண்ணுதான். இன்னொண்ணு கேக்கறேன், குளிர்காலம் பூரா அந்தக் குமிழ் ஹெட்போனைக் காதுல சொருகிட்டே திரிஞ்சியா?"

"திரிஞ்சேன்."

"அது உள்ள தள்ளிருக்கு. மிச்சத்தைக் குச்சி பாத்துக்கிச்சு. காது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும்டா, நாம அதும் வழியில நிக்காம இருந்தாப் போதும்."

தண்ணீரை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். உடம்புச் சூட்டில் இருக்க வேண்டுமாம், குளிர்ந்திருந்தால் தலை சுற்றிவிடுமாம். காதுக்குக் கீழே ஒரு கிண்ணத்தை என்னையே பிடிக்கச் சொன்னாள். மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து மெல்ல நீரைப் பீய்ச்சினாள். படகின் அடியில் படுத்திருக்கும்போது அலை தட்டுகிற சத்தம் மண்டைக்குள் கேட்டது. நிறுத்தினாள், பார்த்தாள், மறுபடி பீய்ச்சினாள். ஏதோ ஒன்று நகர்ந்தது. கிண்ணத்தில் 'சொத்' என்று விழுந்தது. பார்லி மணி அளவுதான் இருக்கும், பழுப்பாக. அதை நான் இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இடப்பக்கம் திறந்துகொண்டது. குழாயில் நீர் சொட்டுவது கேட்டது. மார்யுனின் கையுறை உரசுவது கேட்டது. வெளியே தகரக் கூரையில் மழை துளித்துளியாக விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது, திரைக்குப் பின்னாலிருந்து, இன்னொரு சத்தமும் வந்தது. ஒரு கால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் இரண்டடி, வலப்பக்கம் ஓரடி. அதோடு ஓர் ஆண் குரல் முணுமுணுத்தது.

"காது... ஏது... தோது... போதாது..."

திரையை விலக்கினேன். மணிக்கட்டில் கட்டோடு ஸ்வெயின் படுத்திருந்தார்.

"கயிறு சுத்தி இழுத்துருச்சு. எக்ஸ்ரே இங்கதானே எடுக்கறாங்க" என்றார் சாவகாசமாக. "நான் இருமினேன்டா தம்பி. 'நான் இங்கதான் படுத்திருக்கேன்'னு வாய் விட்டும் சொன்னேன். நீ நிறுத்தவே இல்ல."

"எந்தப் பக்கம் இருந்து சொன்னீங்க?"

"உன் இடப்பக்கம் இருந்துதான்."

மார்யுன் சுவரைப் பார்த்து நின்றாள். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. கடமை தவறாதவள், இன்றுவரை ஒரு வார்த்தை வெளியே சொல்லவில்லை. ஸ்வெயினுக்கு அப்படி எந்தக் கடமையும் கிடையாது.

"ரெண்டு நாளைக்கு வேலையில உக்காராதே, எல்லாமே கீச்சுனு கேக்கும்" என்று மட்டும் அவள் என் முதுகுக்குப் பின்னால் சொன்னாள். கேட்டு நடந்தேன். மூன்றாம் நாள் நான் கலந்து வைத்திருந்ததைப் போட்டேன். கடல்காக்கா என்று ஸ்வெயின் சொன்னது மரியாதைக்குச் சொன்னது. தலைமையாசிரியர் வந்தபோது நானே நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். ஏற்றியதை எல்லாம் இறக்கினேன், ஒன்றும் சேர்க்கவில்லை. வளையம் அழகாகச் சுற்றியது. கதவருகே வந்த மார்யுன் அங்கேயும் கணீரென்று பாடினாள். சங்கத்தார் வந்து கேட்டுவிட்டு, "மோசமில்ல" என்றார்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

தட்டுக்கு இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்கிறது, மைக்கை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை கூடத்துக்கு வா என்றார் ஸ்வெயின். தெரிந்தேதான் போனேன். போகாவிட்டால் ஓடியவன் என்று கூடுதலாக நாலு அடி சேரும். மைக்கை வைத்துப் பதிவை ஓடவிட்டதும் மீன் பண்ணைக்காரன் ஒரு கையையும் படகு கட்டுகிறவன் மறு கையையும் பிடித்துக்கொண்டார்கள். கட்டுப் போட்ட கையோடு ஸ்வெயின் எடுத்துக்கொடுத்தார்.

*கதவைச் சாடினான், சுவரைச் சாடினான், காற்றைச் சாடினான்,*
*காதில் கல்லை வைத்துக்கொண்டு ஊரில் தேடினான்!*

ஊரே வாங்கிப் பாடியது. தரை அதிர்ந்தது. கம்பளிப் போர்வைக்கு ஓர் அடி, பொசுங்கிய கிருதாவுக்கு ஓர் அடி.

*கிண்ணத்திலே விழுந்ததைத்தான் கண்ட பேர்கள் சொல்,*
*கடற்பறவை முட்டையைப்போல் கனத்த பெரும் கல்!*

"பார்லி அளவுதான்!" என்று கத்தினேன். சிரிப்பு இன்னும் கூடியது. பாட்டு நன்றாக இருந்தது, அதுதான் என் தலையெழுத்து. இரண்டாவது சுற்றில் என் காலே தாளத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அடுத்த நாள் என் அறையில் தனியாக உட்கார்ந்து அதைக் கேட்டபோது வேறு கணக்கு தோன்றியது. ஓலாவ் திருவிழாவில் இந்தத் தட்டை எல்லாத் தீவிலும் வாங்குவார்கள். 'சொந்தக் கடா' எங்கள் ஊரோடு நின்றது. இது நிற்காது.

ஆனால் ஃபேடர் என் கையில் இருந்தது. தரை மைக்கைக் கொஞ்சம் ஏற்றினேன். மிதிக்கிற சத்தம் வார்த்தைகளை விழுங்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். மிதியின் வேகத்தில் 'காதில் கல்லை' காணாமல் போனது. யார் என்ன கேட்க முடியும்? ஆட்டத்தின் வீரியம் தெரிய வேண்டும் என்று அப்படிக் கலந்தேன் என்று சொன்னால் போயிற்று. நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

சுன்வா உள்ளே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை பள்ளிக் குழந்தைகளைப் போட்டிக்கு அழைத்துப் போயிருந்ததால் அவள் கூடத்துக்கு வரவில்லை, பாட்டை இன்னும் கேட்கவில்லை. முழங்கையை மேஜையில் ஊன்றிக் கொஞ்ச நேரம் கேட்டாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"ஒரு வார்த்தைகூடப் புரியலியே."

"அப்படியா?" என்றேன்.

"வெறும் காலா கேக்குது. உனக்கு வார்த்தை கேக்குதா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கேலியே இல்லை, உண்மையாகவே பதறிப்போயிருந்தாள். "ரோகுர், மறுபடியும் அடைச்சுக்கிச்சா?"

ஆமாம் என்றால் இப்போதைக்குத் தப்பித்தேன். அவள் எண்ணெயை எடுத்துவர ஓடுவாள், நான் தலையைச் சாய்த்துப் படுக்க வேண்டும், கோபன்ஹேகன்காரனுக்குத் தட்டு போகும். இல்லை என்றால் எதற்காக இப்படிக் கலந்தாய் என்பாள். அவள் கை என் இடது காதுக்கு வந்துவிட்டது, மடலை இழுத்து உள்ளே பார்க்க வெளிச்சம் தேடிக்கொண்டிருந்தாள். கேட்டதாக நடித்தது போதாதென்று, இவளிடம் கேட்காததாகவும் நடிக்க எனக்கு மனசு வரவில்லை.

"இல்ல. காது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தரை மைக்கை இறக்கினேன். குரல்களை ஏற்றினேன். ஆரம்பத்திலிருந்து போட்டேன்.

முதல் அடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினாள். கிருதா வந்தபோது பொத்த முடியவில்லை. முட்டை வந்ததும், பாட்டுக்குள்ளிருந்து "பார்லி அளவுதான்!" என்று நான் கத்தியதும், மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மூன்று வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் எனக்கு இடப்பக்கம்தான் உட்காருகிறாள். காது அடைத்த நாளிலிருந்து எத்தனை தரம் இப்படிச் சிரித்தாளோ, நான் எத்தனை தரம் "ம்" என்றேனோ. பாட்டு முடிந்தது. அவள் சிரிப்பு முடியவில்லை. நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.